ஊசி போடும் புதன்கிழமைகளில் கண்ணையும் ஒருமுறை பாருங்கள்

சிவகங்கை மாவட்டச் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். மகள் பிறந்த இரண்டாம் வாரமே இடது கண்ணில் நீர் கோத்து நின்றது. விடிந்தால் பீளை காய்ந்து இமை ஒட்டிக்கிடக்கும். ஆயா (என் அம்மா) தாய்ப்பாலைக் கண்ணில் விடச் சொன்னார்கள். அப்பத்தா மை தீட்டச் சொன்னார்கள். நாங்கள் காட்டிய மருத்துவர் சொட்டு மருந்து எழுதினார், தீர்ந்ததும் இன்னொரு பாட்டில். எட்டு மாதம் இப்படியே போயிற்று.

அப்புறம் மதுரையில் ஒரு கண் மருத்துவர்தான் விளக்கினார். கண்ணீர் மூக்குக்குள் இறங்க ஒரு குழாய் உண்டு (அழுதால் மூக்கு ஒழுகுவது அதனால்தான்). சில குழந்தைகளுக்கு அதன் கீழ்முனைச் சவ்வு திறக்காமலே இருந்துவிடும். சொட்டு மருந்து பீளையைக் குறைக்கும், சவ்வைத் திறக்காது. அதற்கு நீவ வேண்டும். நகம் வெட்டிய விரலைக் கண்ணின் உள்முனையில், மூக்கை ஒட்டி வைத்து, அழுத்திக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும்; ஒரு வேளைக்கு ஐந்து முதல் பத்து முறை, நாளுக்கு நாலு வேளை. நான் பயந்து பயந்து தடவிக்கொண்டிருந்தேன். அவர் என் விரலைப் பிடித்து அழுத்திக் காட்டியபோதுதான் எவ்வளவு அழுத்தம் என்று புரிந்தது.

பத்தில் ஒன்பது பேருக்கு ஒரு வயதுக்குள் திறந்துவிடுமாம். என் மகளுக்குத் திறக்கவில்லை. 13ஆம் மாதம் மயக்கம் கொடுத்து, மெல்லிய கம்பியை விட்டுத் திறந்தார்கள். சில நிமிட வேலை. தையல் இல்லை, அன்று மாலையே வீடு. அதிலும் சரியாகாத குழந்தைகளுக்கு சிலிகான் குழாய் வைப்பார்கள். அபூர்வமாக எலும்பில் புதுவழியே செய்ய வேண்டிவரும்.

நான் கேட்பது புது மருத்துவமனை இல்லை. ஆறாவது வார ஊசிக்கு வரும்போது செவிலியர், "கண்ணில் நீர் வடிகிறதா?" என்று கேட்டு, தாயின் விரலைப் பிடித்து நீவக் காட்டட்டும். 10, 14ஆம் வார ஊசிகளின்போது நீவுவது சரிதானா என்று பார்க்கலாம். ஒன்பதாம் மாதத் தட்டம்மை ஊசிக்கும் வடிந்துகொண்டிருந்தால் கண் மருத்துவருக்குச் சீட்டு எழுதிவிடலாம். ஆனால் குழந்தை வெளிச்சத்துக்குக் கண் கூசினாலோ, கருவிழி பெரிதாகவோ மங்கலாகவோ தெரிந்தாலோ அது கண் அழுத்த நோயாக இருக்கலாம். அப்போதும், உள்முனையில் வீக்கம் இருந்தாலும், நீவச் சொல்லாமல் அன்றே அனுப்புங்கள்.

ஊசிக்கு வரும்போது ஆயாவையும் கூட்டிவரச் சொல்லுங்கள். எங்கள் பக்கம் பிள்ளையைக் குளிப்பாட்டுவது அவர்கள்தான். மூக்கை நீவிவிட்டுப் பழகிய கை. விரலை எங்கே வைப்பது என்று காட்டினால் போதும்.

இப்படிக்கு,
ஒரு தாய்