வீட்டுக் கராஜில் வண்டி கட்டுகிறவர்களுக்கு: ஹெட்லைட்டை முதலில் வாங்குங்கள்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சுற்றி, சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் என்று சனிக்கிழமையானால் வெல்டிங் சத்தம் கேட்கிற வீடுகளுக்கு இந்த மடல். பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் சேசியின் (அடிச்சட்டத்தின்) மேல் பீச் பக்கி என்ற திறந்த வண்டி கட்டுகிறவர்கள், சதுரக் குழாயை வெட்டி ஒட்டி லோட்டஸ் செவன் என்ற சின்ன ஸ்போர்ட்ஸ் காரின் வடிவத்தில் வண்டி செய்கிறவர்கள், கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் பாடியை வாங்கி வைத்துவிட்டு என்ஜினுக்குப் பணம் சேர்க்கிறவர்கள், எல்லோரிடமும் நான் கேட்பது ஒன்றுதான். ஹெட்லைட்டைக் கடைசியில் வாங்காதீர்கள்.

நாம் எல்லோரும் அதைத்தான் செய்கிறோம். என்ஜின், கியர்பாக்ஸ், சீட், பெயின்ட் என்று ஆசையாகச் செலவழித்துவிட்டு, கை காலியான பிறகு, மிச்சமிருக்கும் ரேண்டுக்குப் பளபளப்பாக எது கிடைக்கிறதோ அதை மாட்டுகிறோம். நானும் அப்படித்தான் ஏழு அங்குல எல்இடி ஜோடி ஒன்றை வரவழைத்தேன். எரியவிட்டால் தெருவே வெள்ளையாகிவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கைதட்டினார்கள். வண்டி ரோட்டுக்குத் தகுதியா என்று பார்க்கும் சோதனை நிலையத்தில் அதிகாரி விளக்கை எரியவிடக்கூடச் சொல்லவில்லை. குனிந்து கண்ணாடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்தார். ‘டி.ஓ.டி.’ என்று மூன்று எழுத்து மட்டும் இருந்தது. ஃபெயில் என்று எழுதிவிட்டார்.

அன்றைக்குக் கோபம் வந்தது உண்மை. பிறகு விஷயத்தைப் படித்துப் பார்த்தபோது அவர் செய்தது சரி என்று புரிந்தது. டி.ஓ.டி. என்பது அமெரிக்க விதி. அங்கே தயாரிப்பாளரே தன் விளக்கு விதிக்கு உட்பட்டது என்று சொல்லி முத்திரை போட்டுக்கொள்வார். அதோடு அது வலப்பக்கம் வண்டி ஓட்டுகிற நாட்டின் விளக்கு, நாம் ஓட்டுவது இடப்பக்கம். நம் நாடு ஐ.நா.வின் 1958ஆம் ஆண்டு வாகன ஒப்பந்தத்தில் 2001இல் சேர்ந்தது. அந்த ஒப்பந்தத்தின்படி சோதித்து ஒப்புதல் பெற்ற விளக்கின் கண்ணாடியில் ஒரு வட்டம் இருக்கும், அதற்குள் ஆங்கில ‘ஈ’ எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். 1 என்றால் ஜெர்மனி, 2 பிரான்ஸ், 3 இத்தாலி, 4 நெதர்லாந்து, 11 பிரிட்டன், 47 நம் தென்னாப்பிரிக்கா. அது எந்த நாடு ஒப்புதல் கொடுத்தது என்பதைச் சொல்கிறதே தவிர, விளக்கு எங்கே செய்யப்பட்டது என்பதை அல்ல. 47 இல்லையே என்று நல்ல விளக்கை ஒதுக்கிவிடாதீர்கள்.

வட்டத்துக்குப் பக்கத்தில் ‘எச்.சி.ஆர்.’ என்று இருந்தால் ஹாலஜன் பல்பு, டிம்மும் (தாழ்ந்த வெளிச்சம்) பிரைட்டும் (தூர வெளிச்சம்) இரண்டும் உண்டு என்று அர்த்தம். வெறும் ‘எச்.ஆர்.’ என்றால் பிரைட் மட்டும்தான். அதை மட்டும் வைத்து ரோட்டில் இறங்க முடியாது.

அப்புறம் ஓர் அம்புக்குறி. இதில்தான் நான் இரண்டாவது தடவை ஏமாந்தேன். எல்இடியைக் கழற்றிவிட்டுப் பழைய வண்டி உடைக்கிற யார்டில் அழகான ஜோடி ஒன்று வாங்கினேன், வட்டமும் எழுத்தும் சரியாக இருந்தன. அம்புக்குறி மட்டும் இல்லை. அம்புக்குறி இல்லாத விளக்கு வலப்பக்கம் ஓட்டும் நாட்டுக்கானது. நமக்கு வேண்டியது, விளக்குக்கு எதிரே நின்று பார்த்தால் நம் வலது கைப்பக்கம் காட்டும் அம்பு. இரண்டு பக்கமும் முனை உள்ள அம்பு என்றால் இரண்டு வகை நாட்டுக்கும் மாற்றி அமைக்கலாம்.

அந்தச் சின்ன அம்பு எதற்கு என்று கேட்டால், டிம் வெளிச்சம் சுவரில் விழும்போது பாருங்கள். மேல் விளிம்பு ஒரே நேர்கோடாக இருக்காது. நம் நாட்டு விளக்கில் இடது பாதி சுமார் 15 டிகிரி மேலே ஏறும். சாலையின் இடது ஓரத்தில் நடப்பவர் தெரிவதற்காக அப்படிச் செய்கிறார்கள். எதிரே வருபவரின் கண்ணில் படாமல் இருக்க வலது பாதி தாழ்ந்தே நிற்கும். வலப்பக்கம் ஓட்டும் நாட்டு விளக்கை மாட்டினால் இது அப்படியே தலைகீழ். டோங்காட் பக்கம் ஆர்102 சாலையில் இரவில் போனவர்களுக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கரும்பு, விளக்குக் கம்பம் கிடையாது, வேலை முடிந்து ஓரமாக நடந்து போகிறவர்கள் கறுப்புச் சட்டையில் இருப்பார்கள். அங்கே ஒருநாள் எதிரே வந்த வண்டியின் வெளிச்சத்தில் இரண்டு மூன்று விநாடி எனக்கு ஒன்றுமே தெரியவில்லை. கண் தெளிந்தபோது என் இடது கண்ணாடிக்கு மிக அருகில் ஓர் அம்மா தலையில் பையோடு நடந்துகொண்டிருந்தார். என் கை நடுங்கியது. நான் மாட்டி வைத்திருந்த விளக்கும் இன்னொருவருக்கு அதையேதானே செய்திருக்கும்? வீட்டுக்கு வந்ததும் அந்த ஜோடியைக் கழற்றினேன்.

சரி, குறைந்த செலவில் சட்டப்படியான விளக்கு எது? ஏழு அங்குல வட்ட விளக்கு, எச்4 பல்பு (டிம்முக்கும் பிரைட்டுக்கும் தனித்தனி இழை உள்ள ஹாலஜன் பல்பு). 1940இல் அமெரிக்காவில் பொது அளவாக வந்த வட்டம் இது. லேண்ட் ரோவர் டிஃபென்டர், பழைய மினி, பின்னாளைய பீட்டில் என்று எத்தனையோ வண்டிகளில் இந்த அளவு இருந்தது. நம் ஊரில் 1984 முதல் 2009 வரை செய்த ஃபோக்ஸ்வாகன் சிட்டி கோல்ஃப் காரின் வட்ட விளக்கும் யார்டுகளில் நிறையக் கிடக்கிறது. விளக்கு உட்காரும் பின்பக்கக் கிண்ணம் பொருந்துகிறதா என்று அளந்து வாங்குங்கள். கடைசியில் நான் வாங்கியது இந்த வகைதான். எல்இடிக்குக் கொடுத்ததில் கால் பங்குகூட ஆகவில்லை.

கண்ணாடி லென்ஸாக இருந்தால் பிளாஸ்டிக் போல மஞ்சளாகாது. உள்ளே ரிஃப்ளெக்டரை டார்ச் அடித்துப் பாருங்கள். வெள்ளி உரிந்திருந்தாலோ கறுப்புப் புள்ளி இருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்கட்டும். பல்பு 60/55 வாட். ராலிக்காரர்களின் 100 வாட் பல்பு வேண்டாம், ரோட்டுக்கு அனுமதி இல்லை, சாக்கெட்டும் உருகும்.

அந்த எச்4 விளக்குக்குள் எல்இடி பல்பைச் செருகலாமா என்று கேட்காத தம்பி இல்லை. செருகாதீர்கள். எச்4 பல்புக்குள் டிம் இழைக்குக் கீழே ஒரு சின்ன உலோகத் தகடு உண்டு. அந்த இழை, அந்தத் தகடு இருக்கும் இடத்தைக் கணக்கு வைத்துத்தான் ரிஃப்ளெக்டரை வளைத்திருக்கிறார்கள். ஒளி பிறக்கும் இடம் சற்றே மாறினாலும் வெளிச்சம் கண்டபடி சிதறும். விளக்கின் ஒப்புதலும் ஹாலஜன் பல்போடு சேர்த்துக் கொடுத்ததுதான்.

‘ஹாலஜன் மங்கலாக இருக்கிறதே’ என்பவர்களின் வண்டியில் பெரும்பாலும் வயர்தான் குற்றவாளி. மெல்லிய வயரில், சுவிட்ச் வழியாகவே மின்சாரத்தை அனுப்பினால் வோல்ட் குறையும். 10 சதவீதம் வோல்ட் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விடும். டிம்முக்கு ஒரு ரிலே (சுவிட்சின் சிறு மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் கருவி), பிரைட்டுக்கு ஒரு ரிலே, பேட்டரியிலிருந்து தடித்த வயர், இடது வலது விளக்குக்குத் தனித்தனி ஃபியூஸ். ஒரு ஃபியூஸ் போனாலும் மற்ற விளக்கு எரியும். ஃபைபர் பாடி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. ஃபைபரில் மின்சாரம் பாயாது, அதனால் எர்த் கிடையாது. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் எர்த் வயரைச் சேசி வரை தனியாக இழுங்கள்.

முதலில் வாங்கச் சொன்னதற்கு அளவும் ஒரு காரணம். ஐ.நா.வின் 48ஆம் விதிப்படி டிம் விளக்கு தரையிலிருந்து 500 மில்லிமீட்டருக்குக் கீழேயும் 1,200க்கு மேலேயும் இருக்கக்கூடாது. விளக்கின் வெளி விளிம்பு வண்டியின் வெளி ஓரத்திலிருந்து 400 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். செவன் வடிவ வண்டியில் விளக்கு மூக்கோடு ஒட்டி நிற்கும், மட்கார்டு வெளியே அகன்று நிற்கும், அந்த 400 சுலபமாகத் தாண்டிவிடும். பெயின்ட் அடித்த பிறகு பிராக்கெட்டை வெட்டி ஒட்டுகிற வேதனை வேண்டாம். விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு, உங்கள் சோதனை நிலையத்தில் என்ன அளவு பார்க்கிறார்கள் என்று கேட்டுவிட்டு, பிறகு வெல்ட் செய்யுங்கள். அங்கே வெளிச்சத்தையும் பார்ப்பார்கள். நம் சாலை விதி டிம்மில் 45 மீட்டர், பிரைட்டில் 100 மீட்டர் தூரத்தில் ஆள் தெரிய வேண்டும் என்கிறது.

உங்களிடம் ஓர் உதவியும் கேட்கிறேன். யாராவது சரியான அம்புக்குறி உள்ள பழைய ஜோடி வைத்திருந்தால் வீசிவிடாதீர்கள், அடுத்து கட்டுகிறவருக்குக் கொடுங்கள். விளக்கை அட்ஜஸ்ட் செய்ய இடம் இல்லாதவர்கள் என் வீட்டுக்கு வாருங்கள். சமதரையும் வெள்ளைச் சுவரும் இருக்கின்றன, 5 மீட்டரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன். விளக்கின் நடுமையத்தைவிடச் சுவரில் ஐந்து, ஆறு சென்டிமீட்டர் தாழ்வாக வெளிச்சத்தின் விளிம்பு விழ வேண்டும். இருட்டிய பிறகு வாருங்கள். டயரில் காற்று சரியாக இருக்கட்டும், மறக்காமல் கூட ஓர் ஆளை அழைத்து வாருங்கள். நம் வண்டிகள் எடை குறைந்தவை, டிரைவர் சீட்டில் யாராவது உட்கார்ந்தால்தான் மூக்கு அதன் உண்மையான உயரத்துக்கு வரும்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் அண்ணன்