இரண்டு மரப்படிகளுக்கு நன்றி

மதுரை அனுப்பானடியில் எங்கள் தெருக்காரர்களுக்கும், அங்கன்வாடி டீச்சருக்கும், நர்ஸம்மாவுக்கும், பெரியாஸ்பத்திரி பிரசவ வார்டில் இரவெல்லாம் கண்விழித்தவர்களுக்கும், எல்லாருக்கும் முன்னால் எதிர்வீட்டில் கதவு ஜன்னல் வேலை பார்த்த ஆசாரி அண்ணனுக்கும் வணக்கம்.

நேற்று மதியம் 102 தாய் சேய் ஊர்தியில் வீடு வந்து சேர்ந்தோம். பாப்பா பக்கத்தில் தூங்குகிறாள். நடந்தது உங்கள் எல்லாருக்கும் தெரியும். அதைத் திருப்பி எழுத இன்னும் தெம்பு இல்லை, எழுதவும் வேண்டாம். நன்றியை மட்டும் ஒரு நாள்கூடத் தள்ளிப்போட மனம் வரவில்லை.

ஆசாரி அண்ணே, முதலில் உங்களுக்குத்தான். உங்களுக்கு எங்களைத் தெரியாது. வாசலில் இரண்டு வயது இரட்டைப் பயல்கள் ஆளுக்கொரு பக்கம் சேலையைப் பிடித்துக்கொண்டு "தூக்கு, தூக்கு" என்று அழுததையும், பாப்பா வயிற்றில் இருந்ததால் தூக்க முடியாமல் நான் நின்றதையும் பார்த்தீர்கள், அவ்வளவுதான். "தூக்கக் கூடாதுன்னா அதுகளே ஏறிக்கிற மாதிரி செஞ்சிருவோம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு டேப்பை எடுத்துக்கொண்டு வந்தீர்கள். குனியாதே, கனம் தூக்காதே, ஓய்வெடு என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் தூக்காமல் அந்தப் பிள்ளை கட்டிலுக்கு எப்படிப் போகும் என்று யோசித்தது நீங்கள் ஒருவர்தான்.

கட்டிலில் ஏற்ற, இறக்க, வாஷ்பேசினில் வாய் கழுவ, கக்கூசில் உட்கார வைக்க, குளிப்பாட்ட, நாற்காலியில் சாப்பிட உட்கார்த்த என்று ஒரு பிள்ளையை ஒரு நாளைக்கு இருபது தடவையாவது தூக்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் நாற்பது. ஒவ்வொன்றும் 11 கிலோ. கூட்டிப் பார்த்தால் நாளைக்கு 440 கிலோ. இது வீட்டில் இருக்கிற யார் கண்ணிலும் வேலையாகவே படாது.

கட்டிலில் ஏற இரண்டு தட்டுள்ள மரப்படி செய்ய அண்ணன் கட்டிலை அளக்கவில்லை, பிள்ளைகளை அளந்தார். தரையிலிருந்து முட்டி வரைக்கும் ஒன்பது அங்குலம். முட்டி உயரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் படி உயர்ந்தால் பிள்ளை காலை எடுத்து வைக்காது, வயிற்றைப் போட்டு ஊர்ந்துதான் ஏறும், அப்போதுதான் பின்னால் சாயும் என்றார். அதனால் முதல் படி ஆறு அங்குலம், இரண்டாவது பன்னிரண்டு. எங்கள் கட்டில் மெத்தையோடு பத்தொன்பது. மிச்சம் ஏழு அங்குலம், அதை மெத்தையில் கையூன்றி ஏறிவிடுகிறார்கள்.

இதே மாதிரி செய்துகொள்ள நினைக்கிறவர்களுக்காக மற்ற அளவுகளையும் எழுதிவிடுகிறேன். கீழ்ப்படியில் கால் வைக்கிற இடம் ஒன்பது அங்குலம், மேல்படியில் பத்து. கடையில் விற்கிற ஸ்டூல்களில் சிலவற்றில் இது ஆறு அங்குலம்தான் இருக்கும். நேராக ஏற அது போதும், ஆனால் இந்த வயதுப் பிள்ளை பாதிப் படியில் நின்று திரும்பி "அம்மா பாரு" என்று காட்டும், அப்போது குதிகால் வெளியே போய்விடும். அகலம் பதினாறு அங்குலம், இருவரும் தோள் இடிக்காமல் நிற்கலாம். பக்கப் பலகைகள் செங்குத்தாக இல்லை, கீழே போகப் போக ஒவ்வொரு பக்கமும் ஒன்றரை அங்குலம் அகன்று நிற்கின்றன. மேல்பலகை பக்கப் பலகையைத் தாண்டி அரை அங்குலத்துக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது. நீட்டிக்கொண்டிருக்கிற ஓரத்தில் பிள்ளை மிதித்தால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் ஸ்டூல் கவிழ்வதற்கு அதன் எடை குறைவாக இருப்பதும் ஒரு காரணம்.

ஒன்று கேட்கவே கூச்சமாக இருந்தது, அண்ணன் கேட்காமலே இரண்டு செய்தார். ஒன்றே ஒன்றை இங்கும் அங்கும் நகர்த்த வேண்டியிருந்தால் அதற்கும் நான்தானே குனிய வேண்டும் என்பது அவர் கணக்கு. கட்டிலுக்குச் செய்தது எதிர்வீட்டு நிலையில் மிஞ்சிய வேங்கைத் துண்டுகளில். குளியலறைக்கு வேங்கை வேண்டாம் என்று அங்கேயே ஒதுக்கி வைத்துவிட்டார். வேங்கை ஈரம் பட்டால் சாயம் விடும், பிள்ளையின் பாதமும் தரையும் மஞ்சளாகிவிடும். அதற்குத் தேக்குத் துண்டுகளைத் தேடிப் பொறுக்கினார். அந்தப் படியின் மேல்பலகை ஒரே பலகை இல்லை. தண்ணீர் தேங்காமல் வடிவதற்காக மூன்று பட்டைகளாக அடித்திருக்கிறார். நடுவில் விடும் இடைவெளி கால் அங்குலத்துக்கும் குறைவாகத்தான் இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால் பிள்ளையின் கால் விரல் மாட்டிக்கொள்ளும். அங்கே இரும்பு ஸ்க்ரூவும் போடவில்லை. ஈரத்தில் துருப் பிடிப்பதோடு தேக்கில் கறுப்புக் கறை இறங்கும், அதனால் எவர்சில்வர் ஸ்க்ரூ.

இரண்டு படிக்கும் இரண்டு அங்குல ஸ்க்ரூதான். மரம் வெடிக்காமலிருக்க முதலில் மெல்லிய ஓட்டை போட்டு, ஃபெவிகால் தடவி, பிறகு முடுக்கினார். தலைகள் மரத்துக்குள் அமுங்கி இருக்கின்றன, விரலால் தடவினால் தட்டுப்படாது. கீழே இரண்டு பக்கப் பலகைகளையும் சேர்த்துப் பின்பக்கம் ஒரு குறுக்குச் சட்டம். அது இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் ஆட்டம் கொடுத்துவிடுமாம். ஓரங்களை எல்லாம் இழைப்புளியால் மழுக்கி, எண்பதாம் நம்பர் உப்புத்தாள், பிறகு நூற்றிருபது, கடைசியில் இருநூற்றிருபது போட்டுத் தேய்த்தார். கால் வைக்கிற பரப்பை மட்டும் வழுவழுப்பாக விடவில்லை, ரம்பத்தால் லேசாகக் கீறி வரி வரியாகக் கோடு இழுத்திருக்கிறார், பிடிமானத்துக்காக. பெயின்ட், வார்னிஷ் எதுவும் இல்லை. கடிக்கிற வயது.

அடியில் நான்கு ரப்பர் புஷ். இதில் ஒரு விஷயம் எல்லாரும் கவனிக்க வேண்டும். ஒட்டுகிற புஷ் வேண்டாம், ஸ்க்ரூ போட்டு முடுக்குகிற புஷ்தான் வேண்டும். ஒட்டியது பத்து நாளில் பிய்ந்து வரும், வந்ததும் நேராகப் பிள்ளையின் வாய்க்குத்தான் போகும், தொண்டை அடைத்துக்கொள்ளும் அளவு அது. முடுக்கிய புஷ்ஷும் சோப்புத் தண்ணீர் ஏறினால் வழுக்கும், அதனால் குளியலறைப் படியை ராத்திரியில் கவிழ்த்து வைத்து, காலையில் புஷ்ஷைத் துணியால் துடைக்க வேண்டும். எங்கள் வீட்டில் அது இவர் வேலை.

ஏறச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. இறங்கத்தான் சொல்லித்தர வேண்டும். முகத்தை முன்னால் வைத்து இறங்குகிற பிள்ளை தலைகுப்புற விழும். குப்புறத் திரும்பி, வயிறு மெத்தையில் படிய, காலை முதலில் இறக்க வேண்டும். "காலு முதல்ல" என்று ஒரே வார்த்தையைத்தான் எல்லாரும் சொல்ல வேண்டும், ஆளுக்கொரு விதமாகச் சொன்னால் குழம்பும். நான்கு நாள் பக்கத்தில் ஆள் நின்றால் போதும். குளியலறையில் நான் முக்காலியில் உட்கார, அவர்கள் மேல்படியில் நிற்பார்கள். சோப்புப் போட, தண்ணீர் ஊற்ற, ஜட்டி மாட்ட எதற்கும் இடுப்பு வளைய வேண்டாம். மடிக்கு ஏங்கினால், கட்டில் ஓரத்தில் நான் உட்கார்ந்து வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்துக்கொள்வேன், அவர்களே படியேறிப் பக்கவாட்டில் வந்து ஒட்டிக்கொள்வார்கள். "தூக்கு" என்ற அழுகை "நானே, நானே" என்று மாறியது. பார்க்கப் பார்க்க எனக்கு அழுகை வந்தது, அண்ணே.

ஆபத்தும் உண்டு, அதையும் அவரே சொன்னார். படி இருந்தால் ஜன்னலுக்கும் அடுப்பு மேடைக்கும் அதை இழுத்துப் போவார்கள். அதனால்தான் வேண்டுமென்றே கனமான பலகையில் செய்து, இந்த வயதுக்கு நகராத எடையாக்கியிருக்கிறார். ஆனாலும் மூன்று வயதானால் நகர்த்துவார்கள். அப்போது கட்டில் காலோடு சேர்த்து எல் வடிவத்தில் வளைந்த ஒரு ஆங்கிள் பட்டை அடித்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். மாடி வீட்டில் இருப்பவர்கள் பால்கனிக் கதவைப் பூட்டி வைக்காமல் இந்தப் படியை வீட்டில் வைக்கவே கூடாது.

கூலி வாங்கவில்லை. ஸ்க்ரூவுக்கும் புஷ்ஷுக்கும் ஆன 140 ரூபாயை மட்டும் எண்ணி வாங்கிக்கொண்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார். இப்போது எதிர்வீட்டு வேலை முடிந்துவிட்டது, அண்ணன் வேறு ஊர் வேலைக்குப் போய்விட்டாராம். இந்த மடலை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.

மற்றவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்வதால் நன்றி குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். நர்ஸம்மா, சாப்பிட்டதும் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுத்து வயிற்றுப் பிள்ளையின் அசைவை எண்ணு, இரண்டு மணி நேரத்தில் பத்து வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்காதே என்று நீங்கள் சொன்னதால்தான் அன்று ராத்திரி கிளம்பினோம். இரும்புச் சத்து மாத்திரையை டீயோடு போடாதே, ஒரு மணி நேரம் தள்ளி எலுமிச்சம் சாறோடு போடு என்றதும் நீங்கள்தான். இரண்டரை மணிக்கு ஒரே அழைப்பில் வந்து, ஒவ்வொரு வேகத்தடையிலும் ஆள் நடக்கிற வேகத்துக்குக் குறைத்து ஓட்டிய ஆட்டோ தம்பி, உனக்கும். இரண்டு பயல்களையும் பன்னிரண்டரை வரை வைத்திருந்து, கொழுக்கட்டையும் கொடுத்து அனுப்பிய அங்கன்வாடி டீச்சர், கொடியில் காய்ந்த துணியைக் கேட்காமலே மடித்து வைத்த பக்கத்து வீட்டு மதினி, மிளகாய் போடாத பருப்புச் சாதத்தை நெய்விட்டுக் குழைத்துத் தனித் தூக்கில் அனுப்பிய மேல்வீட்டு அக்கா, இத்தனை நாளும் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்த தம்பிகள், எல்லாருக்கும்.

மேல்வீட்டு அக்கா சொன்ன இன்னொன்றைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். "வீட்டுக்குள்ள நுழையும்போது பாப்பா உன் கையில இருக்கக் கூடாது" என்றார். நேற்று அப்படியே செய்தோம். பாப்பாவை என் அம்மா வாங்கிக்கொண்டு பின்னால் நிற்க, நான் வெறுங்கையோடு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். அறுவை செய்த உடம்பு, ஆறு வாரத்துக்குப் பாப்பாவை விடக் கனமாக எதையும் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறார்கள். பயல்களைத் தூக்க வேண்டிய அவசியமே வரவில்லை. பெரியவன் முதல் படி, இரண்டாம் படி, மெத்தை. சின்னவன் அவன் பின்னால். இரண்டு பக்கமும் ஒட்டி உட்கார்ந்த பிறகுதான் பாப்பாவை மடிக்குக் கொண்டுவந்தார்கள். சின்னவன் அவள் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "காலு முதல்ல" என்றான்.

இந்தப் படிகள் எங்கள் வீட்டிலேயே கிடந்து வீணாகாது. கோயில் பக்கத்து மதினிக்கு இப்போது ஐந்தாம் மாதம், இடுப்பில் ஒன்றரை வயதுப் பிள்ளை. எங்கள் ஆறு வாரம் முடிந்ததும் கட்டில் படி அங்கே போகும். அவர்களுக்குத் தேவை முடிந்ததும் அடுத்த வீடு. குளியலறைப் படி மட்டும் இன்னும் கொஞ்ச நாள் இங்கே இருக்கட்டும். ஒவ்வொரு கை மாறும்போதும் ஸ்க்ரூவை ஒருமுறை முடுக்கி, புஷ் தேய்ந்திருந்தால் மாற்றி, சிராய் கிளம்பியிருக்கிறதா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துத்தான் கொடுப்போம். அது எங்கள் பொறுப்பு.

அதுவரை காத்திருக்க முடியாதவர்கள் வந்து அளவெடுத்துக்கொள்ளலாம். சாயங்காலம் நான்கு மணிக்கு மேல் வாருங்கள். அதற்கு முன்னால் மூன்று பேரும் தூங்குவார்கள்.