சிங்கப்பூரை மட்டும் சாட்சிக்கு அழைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் ஒன்றியத்திலிருந்து விலகும் நாடு பொருளாதாரத்தில் தழைக்க முடியுமா என்று ஆராயும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். முடியும் என்பது கட்டுரையாளரின் முடிவு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த முடிவுக்கு வர அவர் சிங்கப்பூர் ஒன்றையே சாட்சிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார். இந்த விவாதம் எங்கே எழுந்தாலும் சிங்கப்பூரின் பெயர்தான் முதலில் வருகிறது. அதன்பின் வேறு சாட்சியை யாரும் அழைப்பதில்லை. என் வருத்தம் அதில்தான்.

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9 அன்று மலேசியாவிலிருந்து பிரிந்தது. அதன் பிரதமர் லீ குவான் யூ அன்று தொலைக்காட்சியில் கண்ணீர் விட்டார். அதற்குக் காரணம் இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் மலேசியாவோடு இணைந்தபோது, பொதுச் சந்தை கிடைக்கும் என்பது பெரிய நம்பிக்கை. அந்தச் சந்தை அமையும் முன்பே உறவு முறிந்துவிட்டது. குடிநீருக்கு மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தை நம்பியிருக்க வேண்டிய நிலை. 1968இல் பிரிட்டன் தன் படைத்தளங்களை மூடப்போவதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களைச் சார்ந்திருந்தது. இத்தனையையும் தாண்டி அந்த நாடு எழுந்து நின்றதை மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் உலகின் முக்கியமான கடல்வழி ஒன்றின் வாசலில் அதற்கு ஒரு துறைமுகம் இருந்தது. தலைமுறை தலைமுறையாக வந்த வணிக அனுபவம் இருந்தது. பொருளாதார வளர்ச்சிக் கழகத்தை 1961இலேயே தொடங்கியிருந்தார்கள். ஜூரோங் தொழிற்பேட்டை வேலைகளும் பிரிவுக்கு முன்பே நடந்துகொண்டிருந்தன. இவை எதுவும் பிரிவினால் வந்த செல்வம் அல்ல.

நான் அழைக்க விரும்பும் சாட்சி அயர்லாந்து. இன்று வளமான நாடு என்று எல்லோரும் காட்டும் அந்த அயர்லாந்து அல்ல, 1922இல் ஐக்கிய ராஜ்யத்தை விட்டு வெளியேறிய ஏழை அயர்லாந்து.

அரசு மாறியது, ஆனால் சந்தை மாறவில்லை. 1920களில் அதன் ஏற்றுமதியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் பிரிட்டனுக்கே போயிற்று. 1928இல் சொந்த நாணயம் வெளியிட்டார்கள். அதன் மதிப்பை பிரிட்டிஷ் பவுண்டோடு ஒன்றுக்கு ஒன்று என்று கட்டிவைத்தார்கள். அந்தக் கட்டு 1979இல்தான் அவிழ்ந்தது. கொடி தனியாகப் பறந்த அரை நூற்றாண்டுக் காலமும் பணத்தின் கடிவாளம் லண்டனில் இருந்தது என்று பொருள். இடையில் 1932இல், விவசாயிகள் நிலம் வாங்குவதற்காக பிரிட்டன் கொடுத்திருந்த பழைய கடன்களின் தவணையைத் தர மாட்டோம் என்று அயர்லாந்து நிறுத்தியது. பிரிட்டன் ஐரிஷ் கால்நடைகள் மீது வரி போட்டுப் பதிலடி கொடுத்தது. ஆறு ஆண்டுகள் நீடித்த அந்த வர்த்தகப் போரில், விற்க வழியில்லாத கன்றுகளைக் கொல்ல அரசே பணம் கொடுத்தது. நினைத்தாலே நெஞ்சு கனக்கிறது.

சுங்கச் சுவரை உயர்த்திக்கொண்டு உள்நாட்டிலேயே எல்லாவற்றையும் செய்துகொள்ளலாம் என்று அந்த நாடு முயன்றது. விளைவு என்ன? 1950களில் மட்டும் சுமார் 4 லட்சம் பேர் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களில் பெரும்பாலோர் வேலை தேடிப் போன இடம் பிரிட்டன். எந்த நாட்டிலிருந்து விடுபடத் தந்தையரும் பாட்டன்மாரும் போராடினார்களோ அதே நாடு. 1961இல் மக்கள் தொகை 28 லட்சம். 1926இல் இருந்ததைவிடக் குறைவு.

திருப்பம் 1958இல் தொடங்கியது. நிதித்துறைச் செயலர் விட்டேக்கர் தயாரித்த அறிக்கை, மூடிய கதவுகளைத் திறக்கச் சொன்னது. அடுத்த ஆண்டு பிரதமரான லெமாஸ் அந்த வழியில் நடந்தார். 1965இல் பிரிட்டனோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம், 1973இல் இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தில் உறுப்பினர் இடம். உண்மையான செழிப்பு 1990களில்தான் வந்தது. பிரிந்து எழுபது ஆண்டுகள்! அந்தச் செழிப்பையும் கவனமாகத்தான் அளக்க வேண்டியிருக்கிறது. பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் சொத்துகளை அங்கே பதிவு செய்ததால், 2015இல் பொருளாதாரம் ஒரே ஆண்டில் 26 சதவீதம் வளர்ந்ததாகக் கணக்கு வந்தது. அதன்பின் அந்நாட்டுப் புள்ளியியல் அலுவலகமே உண்மை நிலையைக் காட்ட வேறோர் அளவுகோலை உருவாக்கியது.

ஒன்றைக் கவனியுங்கள். அயர்லாந்து செழித்தது ஓர் ஒன்றியத்தை விட்டதால் மட்டும் அல்ல, இன்னும் பெரிய ஒன்றியத்துக்குள் நுழைந்ததால். ஸ்லோவாக்கியாவும் அப்படித்தான். 1993 ஜனவரி 1 அன்று செக்கோஸ்லோவாக்கியா சண்டையின்றி இரண்டானது. சொத்தை மக்கள் தொகைக் கணக்கில் இரண்டுக்கு ஒன்று என்று பிரித்துக்கொண்டார்கள். சில காலம் பொது நாணயம் வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார்கள். மக்கள் பணத்தை செக் வங்கிகளுக்கு மாற்றத் தொடங்கியதால் ஆறு வாரங்கூட அது தாங்கவில்லை. பழைய நோட்டுகளில் முத்திரை வில்லை ஒட்டி இரண்டு நாணயங்களாக ஆக்கினார்கள். ஆனால் தங்களுக்குள் சுங்க வரி இல்லாமல் வணிகம் செய்யும் சுங்க ஒன்றியத்தை மட்டும் விடவில்லை. இரண்டு நாடுகளும் 2004இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேரும்வரை அதைக் காப்பாற்றினார்கள். இன்று தலைக்கு இத்தனை கார் என்று கணக்கிட்டால், கார் உற்பத்தியில் ஸ்லோவாக்கியா உலகிலேயே முன்னணியில் நிற்கிறது.

இதற்கு நேர் எதிர்ப்புறம் தெற்கு சூடான். 2011 ஜூலையில் பிரிந்தபோது பழைய சூடானின் எண்ணெய் உற்பத்தியில் நான்கில் மூன்று பங்கு அதன் கைக்கு வந்தது. எண்ணெய்க் கிணறு தெற்கே, கடலுக்குப் போகும் குழாயோ வடக்கே. குழாய்க் கட்டணம் எவ்வளவு என்பது முடிவாகும் முன்பே நாடு பிறந்துவிட்டது. ஆறே மாதத்தில் அந்தச் சண்டை முற்றி, 2012 ஜனவரியில் தெற்கு சூடான் தன் ஒரே பெரிய வருமானத்தைத் தானே நிறுத்திக்கொண்டது. 2013 இறுதியில் உள்நாட்டுப் போரும் மூண்டது.

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதை இந்த நாடுகளோடு ஒரே தட்டில் வைப்பது சரியல்ல. பிரிட்டனுக்குச் சொந்த நாணயம், சொந்த மைய வங்கி, சொந்த வரி அமைப்பு எல்லாம் முன்பே இருந்தன. புதிதாக ஒரு நாட்டைக் கட்ட வேண்டிய வேலை அதற்கு இல்லை. அப்படியிருந்தும், ஒன்றியத்தின் தடையற்ற பொதுச் சந்தையை விட்டதால், உள்ளேயே இருந்திருந்தால் எட்டியிருக்கும் அளவைவிட நாட்டின் உற்பத்தித் திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறைவாக இருக்கும் என்று அந்நாட்டின் பட்ஜெட் பொறுப்பு அலுவலகமே மதிப்பிட்டிருக்கிறது.

பிரிந்து வாழும் உரிமையை வரவு செலவுக் கணக்கால் மட்டும் எடைபோடக் கூடாது என்பதே என் எண்ணமும். ஏழ்மையிலும் தன்னாட்சி வேண்டும் என்று ஒரு மக்கள் முடிவெடுத்தால் அதை மதிக்க வேண்டும். ஆனால் அந்த ஏழ்மை எத்தனை ஆண்டு நீடிக்கும், நாணயம் எது, சுங்கம் யாரிடம், குழாயும் துறைமுகமும் யாருடையவை என்று முன்கூட்டியே சொல்லாமல் செழிப்பை மட்டும் வாக்களிப்பது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி.

கட்டுரையின் இரண்டாம் பகுதி வரவிருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதில் 1922 முதல் 1958 வரையான அயர்லாந்துக்கு இரண்டு பக்கமாவது ஒதுக்குமாறு கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்