ஆறு மாதம் தாங்கமாட்டாள் என்றார்கள்

மிட்லண்ட், டெக்சஸ்

அன்புள்ள சிவகாமிக்கு,

உன் கடிதம் சென்ற செவ்வாய்க்கிழமை கிடைத்தது. பேத்திதான் தபால்பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். உறையைப் பிரிக்கும் முன்பே உன் கையெழுத்து தெரிந்துவிட்டது. வழக்கத்தைவிட இன்னும் சாய்ந்திருந்தது.

அம்மாவின் காரியங்கள் எல்லாம் முடிந்தன என்று எழுதியிருந்தாய். அன்று தொலைபேசியில் இருவரும் அழுததோடு சரி, ஒன்றும் பேச முடியவில்லை. கல்லூரி விடுமுறையில் உங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் எனக்கு முதலில் கண்ணில் படுவது அம்மாவின் முதுகுதான். கிளுவை வேலி ஓரமாகக் குனிந்து, சரிந்த கிளையை ஊன்றிக்கொண்டிருப்பார். நிமிர்ந்து என்னைப் பார்த்ததும், "வா கண்ணு, மோர் குடிக்கிறயா?" என்பார். மாலையில் எருமைத் தயிரும் கம்பஞ்சோறும் தின்றுவிட்டு நாம் திண்ணையில் படித்துக்கொண்டிருக்கும்போது, அவர் அரிக்கேன் விளக்கடியில் அரிசி மண்டிக்காரர் கொடுத்த டைரியில் ஏதோ எழுதுவார். எந்த மாடு என்றைக்கு ஈன்றது, எத்தனை உழவு மழை பெய்தது என்று. அந்த டைரிகள் இப்போது எங்கே இருக்கின்றன?

நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொல்கிறார்கள் என்று சொல்லியிருந்தாய். "மாடு வளர்த்தாள், பால் கறந்தாள், எங்களைப் படிக்க வைத்தாள், தொண்ணூற்றொரு வயதில் போனாள். இதைத் தவிர என்ன எழுதுவது?" என்று நீ கேட்டிருந்த வரி என்னை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை. அதற்குப் பதிலாகத்தான் இந்தக் கடிதம். என் முழங்காலுக்கு ஊசி போட்டிருக்கிறார்கள், இப்போது பரவாயில்லை. மகளும் மருமகனும் நலம். வீட்டுச் செய்தி அவ்வளவுதான்.

இங்கிருந்து தெற்கே மூன்று மணி நேரம் காரில் போனால் மாரத்தான் என்று ஒரு சிற்றூர். அதற்கும் தெற்கே ரியோ கிராண்டே ஆறு வரை ஒரே வறண்ட பூமி. ஆற்றுக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ. சென்ற மாதம் மகள் என்னை அந்தப் பக்கம் அழைத்துப் போனாள். கல்லும் முள்ளும் தவிர ஒன்றும் இல்லாத அந்தச் சாலையில்தான் ஹாலி ஸ்டில்வெல் என்ற பெண்மணியைப் பற்றிக் கேள்விப்பட்டேன். திரும்பி வந்து, 1991-இல் வெளிவந்த அவருடைய தன்வரலாற்றைத் தேடி வாங்கிப் படித்தேன். பாதியில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு உன் அம்மாவை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா அப்போது ஆஸ்பத்திரியில் இருந்தார்.

ஹாலி பிறந்தது 1897-இல், வேக்கோ என்ற ஊரில். பிழைப்புக்காக ஊர் ஊராக மாறிய குடும்பம். 1910 வாக்கில் மேற்கு டெக்சஸில் ஆல்பைனுக்குக் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். பள்ளிப் படிப்பு முடித்ததும், 1916-இல், எல்லையை ஒட்டிய பிரெசிடியோவில் ஆசிரியை வேலை கிடைத்தது. ஆற்றின் அக்கரையில் மெக்சிகோப் புரட்சி நடந்துகொண்டிருந்த காலம். அப்பாவுக்குச் சம்மதமில்லை. "நீ காட்டு வாத்தைத் துரத்திக்கொண்டு போகிறாய்" என்றாராம். நாம் கானல்நீரைத் தேடிப் போவது என்கிறோமே, அதுதான் அவர்கள் பேச்சில் காட்டு வாத்து. மகள் சொன்ன பதில், "அப்படியானால் என் வாத்துகளை நானே பிடித்துச் சேர்த்துக்கொள்கிறேன்" என்பது. இடுப்பில் கைத்துப்பாக்கியோடு பள்ளிக்கூடம் போய்வந்தார். பத்தொன்பது வயது, சிவகாமி. அந்த வயதில் நாம் விடுதிக் காப்பாளருக்குப் பயந்து ஜன்னலை மூடிக்கொண்டிருந்தோம்.

1918-இல் ராய் ஸ்டில்வெல்லை மணந்தார். ராய் அவரைவிடக் கிட்டத்தட்ட இருபது வயது மூத்தவர், மாட்டுப் பண்ணைக்காரர். பண்ணை என்றதும் நீ பச்சை வெளியை நினைத்துக்கொள்ளாதே. சுமார் 22,000 ஏக்கர் என்கிறார்கள். கேட்டதும் நான் வாயைப் பிளந்தேன். ஆனால் அந்த மண்ணில் ஒரு மாடு வயிறு நிறைய மேய ஐம்பது ஏக்கருக்குக் குறையாமல் வேண்டும். கணக்குப் போட்டுப் பார், பெரிய செல்வம் ஒன்றும் இல்லை. வீடு என்று இருந்தது ஒரே ஓர் அறை. அதுவரை அங்கே படுத்துக்கொண்டிருந்த மாட்டுக்காரர்கள் மூன்று பேர் புதுப்பெண்ணுக்காகப் படுக்கையைச் சுருட்டிக்கொண்டு வெளியேறினார்கள். அவர்களில் ஒருவர், இந்த வாத்தியாரம்மா இங்கே ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று சொன்னது ஹாலியின் காதில் விழுந்தது.

அதற்குப் பிறகு எழுபத்தொன்பது ஆண்டுகள் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தார்.

அவரை மாட்டுக்காரியாக்கியது எது என்று யோசித்தால் வியப்பாக இருக்கிறது. அவர் வருவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1916 மே மாதத்தில், எல்லை தாண்டி வந்த கூட்டம் க்ளென் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தைத் தாக்கியதில் மூன்று சிப்பாய்களும் ஒரு சிறுவனும் உயிரிழந்தார்கள். அந்தப் பயம் ஊரில் இன்னும் ஆறவில்லை. மனைவியை வீட்டில் தனியே விட்டுப் போக ராய்க்கு மனம் வரவில்லை. அதனால் காலையில் ஆண்கள் குதிரையேறும்போது அவரும் ஏறினார். ஆண்களின் உடுப்பைப் போட்டுக்கொண்டு, அவர்கள் செய்த வேலையையே செய்தார். மாட்டை வளைப்பது, கயிறு போட்டுப் பிடிப்பது, சூடு போடுவது, எல்லாம். பெண்ணை வீட்டுக்குள் பூட்டி வைப்பதற்கு எந்தப் பயத்தை நம் ஊரில் காரணம் சொல்வார்களோ, அதே பயம் அவரை வெளியே கொண்டுவந்து சேணத்தில் உட்கார வைத்துவிட்டது. உன் தாத்தா படுக்கையில் விழுந்ததால்தானே உன் அம்மா பதினாறு வயதில் சந்தைக்கு மாடு ஓட்டிப் போகத் தொடங்கினார்? ஆசைப்பட்டுப் போனதாக அவர் ஒருநாளும் சொன்னதில்லை. ஆனால் போன பிறகு அதை யாருக்கும் விட்டுக்கொடுக்கவும் இல்லை.

வழியில் ஒரு கடை வாசலில் துருப்பிடித்த ஒரு கருவியைப் பார்த்தேன். ஆளுயரத்தில் நீளக் குழாய், முனையில் சுருட்டிவைத்த இரும்பு, இன்னொரு முனையில் தோளில் மாட்டிக்கொள்ள ஒரு சிறிய மண்ணெண்ணெய்த் தொட்டி. அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருந்த வயதான மாட்டுக்காரர் ஒருவரிடம் என்னவென்று கேட்டேன். கள்ளி சுடும் கருவி என்றார். பஞ்ச காலத்தில் புல் கருகிப்போனால் சப்பாத்திக்கள்ளிதான் தீவனம். இந்தத் தீயால் முள்ளை மட்டும் பொசுக்கிவிட்டால் மாடு மடலைத் தின்னும். அதிகம் தின்றால் கழியும், ஆனால் சாகாது. கருவியைப் பற்றவைத்ததும் 'ஹோ' என்று இரையுமாம். அந்தச் சத்தம் பழகிவிட்டால், எலும்பும் தோலுமாக நிற்கும் மாடுகள்கூட எங்கிருந்தாலும் அதைக் கேட்டு ஓடிவருமாம். முள் எரிந்து ஆறும் வரைக்கும் பொறுக்காமல், சூட்டோடு மடலைக் கடிக்க முகத்தை நீட்டும் என்று சொல்லி, தன் உள்ளங்கையை நீட்டி மாட்டின் மூக்கைத் தள்ளுவதுபோல் காட்டினார். அந்தக் கை என் கண்ணிலேயே நிற்கிறது. உழைத்த மனிதர்களின் கை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் வெடித்திருக்கிறது.

அந்தக் கள்ளி அமெரிக்காவிலிருந்து நம் பக்கம் வந்து காடாகப் பெருகியதும், பிறகு 1926-இல் இலங்கையிலிருந்து கள்ளியை உறிஞ்சித் தின்னும் செம்பூச்சியைக் கொண்டுவந்து விட்டு அதை அழித்ததும் நாம் தாவரவியல் வகுப்பில் படித்தது நினைவிருக்கிறதா? அதற்கு ஈடாக இன்னொன்றைக் கேள். உங்கள் கொரங்காட்டு மேய்ச்சல் நிலத்தில் மாடு விரும்பித் தின்னும் கொழுக்கட்டைப் புல் இருக்கிறதே, அதே இனத்தை மேய்ச்சலுக்கென்று டெக்சஸில் கொண்டுவந்து விதைத்தார்கள். இப்போது அது பாலைவனத்துக்குள் பரவி, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளுகிறது, தீயையும் வளர்க்கிறது என்று வருந்துகிறார்கள். சாலையோரத்தில் அந்தக் கதிரைப் பார்த்ததும் காரை நிறுத்தச் சொல்லி இறங்கித் தடவிப் பார்த்தேன். உங்கள் காட்டு வாசனை அடித்தது.

ராய் 1948-இல் லாரி விபத்தில் இறந்துபோனார். ஹாலிக்கு ஐம்பது வயது. மூன்று பிள்ளைகள். இரண்டே ஆண்டுகளில் மழை பொய்த்தது. 1950-இல் தொடங்கிய அந்தப் பஞ்சம் டெக்சஸை ஏழு ஆண்டுகள் வாட்டியது. எத்தனையோ குடும்பங்கள் மாட்டை விற்று, மண்ணை விற்று, நகரத்துக்குப் போயின. ஹாலி பண்ணையை விடாமல் பிடித்துக்கொள்ள ஆல்பைன் ஊர்ப் பத்திரிகைக்கு எழுதத் தொடங்கினார். 'பண்ணைச் செய்திகள்' என்பது அந்தப் பத்தியின் பெயர். கூட்டங்களில் பேசவும் போனார். இந்தப் பக்கத்து மலைகளுக்கும் ஓடைகளுக்கும் அந்தந்தப் பெயர் எப்படி வந்தது என்று திரட்டி, இன்னொருவருடன் சேர்ந்து 1958-இல் ஒரு புத்தகமே போட்டார்.

அறுபத்தேழு வயதை எட்டும் நேரத்தில், 1964-இல், புரூஸ்டர் கவுண்டியில் அமைதி நீதிபதி ஆனார். கவுண்டி என்றால் நம் மாவட்டம் மாதிரி. நம் பழைய கிராம முன்சீப்பைப்போல ஒரு பதவி. சில்லறை வழக்குகளைத் தீர்ப்பது, கல்யாணம் செய்துவைப்பது. அத்தோடு, மரணங்களை விசாரிக்கும் மருத்துவ அதிகாரி இல்லாத கவுண்டியில் யாராவது எதிர்பாராமல் இறந்துபோனால் நேரில் போய்ப் பார்த்து, எப்படி இறந்தார் என்று முடிவு எழுதுவதும் இவர் கடமைதான். அந்தக் கவுண்டியின் பரப்பு 6,000 சதுர மைலுக்கும் மேல், டெக்சஸிலேயே பெரியது. அதில் பதினைந்து ஆண்டுகள் இந்த வேலையைச் செய்தார்.

இங்கே எல்லோரும் அவருடைய துப்பாக்கியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். மலைச்சிங்கம் என்று இங்கே சொல்லும் பூமாவைச் சுட்டார் என்கிறார்கள். 1967-இல் டெர்லிங்குவாவில் நடந்த அந்தப் பிரபலமான முதல் மிளகாய்க் கறிச் சமையல் போட்டிக்கு நடுவராக இருந்தார் என்கிறார்கள். எல்லாம் உண்மைதான், கேட்க உற்சாகமாகவும் இருக்கிறது. ஆனால் எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறு. யாருமில்லாத வெட்டவெளியில் ஒரு மனிதன் செத்துக் கிடந்தால், எழுபது வயதுப் பெண் ஒருவர் போய், பக்கத்தில் நின்று, அவன் யார், எப்படிப் போனான் என்று எழுதிவைக்கிறார். அதே கை ஒரு கல்யாணத்தையும் பதிவு செய்கிறது, ஒரு மழையையும் பத்திரிகையில் எழுதுகிறது. இந்த மண்ணில் பிறந்ததும் கூடியதும் போனதும் எழுதப்படாமல் போய்விடக்கூடாது என்று ஒருவர் பொறுப்பெடுத்துக்கொண்டதாகவே எனக்குப் படுகிறது.

உன் ஊரில் பிரசவம் என்றாலும் மரணம் என்றாலும் முதலில் யாரைக் கூப்பிட்டார்கள்? பக்கத்துக் காட்டில் மின்னல் விழுந்து ஆடு மேய்த்த பையன் இறந்தபோது, அவன் தாய் வரும் வரை அந்த உடலுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது யார்? நீதான் எனக்கு விடுதியில் சொன்னாய். சொல்லிவிட்டு, "அம்மா அன்றைக்குச் சாப்பிடவே இல்லை" என்றாய். இதை எழுது. மாடு வளர்த்தாள் என்று ஒரு வரியில் முடிக்காதே. வளர்த்த மாடு ஒவ்வொன்றுக்கும் என்ன பெயர் வைத்தார், எந்தக் காளையை விற்ற அன்று கயிற்றை மட்டும் திரும்ப வாங்கிக்கொண்டு வந்து எரவாணத்தில் செருகினார், அதை எழுது. மலருக்குப் பக்கம் போதாது என்றால் எனக்கு எழுது.

ஹாலி 1997 ஆகஸ்ட் 18 அன்று இறந்தார். நூறு நிறைய இரண்டு மாதம் இருந்தது. 1992-லேயே மாட்டுக்காரப் பெண்களுக்கான தேசியப் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்துவிட்டார்கள். உன் அம்மாவுக்கு அப்படி மன்றம் ஒன்றும் இல்லை. அவர் எழுதிய டைரிகள் இருக்கின்றன.

அவற்றைத் தேடி எடு, சிவகாமி. பரண்மேல் நெல் குதிருக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி இருந்தது, அதில் பார். கரையான் தட்டியிருந்தால் வெயிலில் காயவைக்காதே, தாள் நொறுங்கிவிடும். நிழலில் விரித்து வை. நாம் இரண்டாம் ஆண்டு படித்தபோது, நான் உங்கள் வீட்டில் பத்து நாள் தங்கியிருந்த அந்தச் சித்திரையில், நடுராத்திரியில் ஒரு மயிலைப் பசு கன்று ஈன்றது. அம்மா என்னை விளக்குப் பிடிக்கச் சொன்னார். அந்த நாளுக்கு அவர் என்ன எழுதியிருக்கிறார் என்று பார்த்து, அப்படியே எழுதி அனுப்பு. இப்போது சினையாக இருக்கும் மயிலை என்றைக்கு ஈனும் என்பதையும் எழுது. நான் தை பிறந்ததும் வருகிறேன்.

அன்புடன்,
உன் வசந்தா