நெல்லை எக்ஸ்பிரஸில் 'ஆமா' போட்ட ஆச்சிக்கும், துணை நின்ற எல்லோருக்கும்

வில்லிசை ரசிகச் சொந்தங்களுக்கு வணக்கம்.

2022 அக்டோபர் 10-ஆம் தேதி எங்கள் வில்லிசை வேந்தர் சுப்பு ஆறுமுகம் ஐயா மறைந்ததிலிருந்து யார் யாரோ கூப்பிட்டீர்கள். பரணிலிருந்து ஒலிநாடாவைத் தேடியெடுத்துப் பதிவு செய்து அனுப்பினீர்கள். ஒன்றும் பேச முடியாமல் போனில் அழுதுவிட்டு வைத்தவர்களும் உண்டு. நடந்ததைத் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை, உங்களுக்கும் அது தேவையில்லை. ஐயாவுக்கு அஞ்சலி செலுத்தச் சென்னை போய்த் திரும்பியதில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு நன்றி சொல்லவே உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ஒருவரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் பெயர் தெரியாது. எங்களுக்கு அவர் ஆச்சி.

திரும்பும்போது நெல்லை எக்ஸ்பிரஸில் முன்பதிவில்லாத பெட்டிதான் கிடைத்தது. கால் வைக்க இடமில்லை. கழிப்பறைக்குப் பக்கத்து நடையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். விழுப்புரம் தாண்டும்வரை எங்களில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அப்புறம் எங்களோடு வந்த தம்பி துணிப்பையிலிருந்து உடுக்கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். கோயில் கொடைத் திருவிழாக்களில் பாடுகிற பையன். வாசிக்க நினைத்து எடுத்தானா, சும்மா கையில் பிடித்துக்கொள்ள எடுத்தானா, தெரியாது. கொஞ்ச நேரத்தில் விரல் தானாகத் தட்டியது. "தந்தனத்தோம் என்று சொல்லியே" என்று மெல்ல ஆரம்பித்தான். ஐயாவின் கதையையே வில்லுப்பாட்டாகக் கட்டிப் பாடப் போகிறான் என்று எங்களுக்குப் புரிந்தது. ஆனால் பின்பாட்டுப் பாட எங்களால் முடியவில்லை, தொண்டை அடைத்துக்கொண்டது.

வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதன் கஷ்டம் தெரியும். புலவர் ஒரு அடி சொல்லி நிறுத்துவார். அந்த இடைவெளியில் பக்கத்தில் இருப்பவர் 'ஆமா' போட்டால்தான் அடுத்த அடி வரும். அந்த ஆள் இல்லாவிட்டால் எப்பேர்ப்பட்ட பாட்டுக்காரரும் நடுவழியில் நிற்க வேண்டியதுதான்.

"திருநெல்வேலிச் சீமையிலே சத்திரம் புதுக்குளத்திலே ஒரு பிள்ளை பிறந்ததய்யா" என்றான் தம்பி. நின்றான். ரயில் சத்தம் மட்டும் கேட்டது.

"ஆமா."

கதவோரம் வயர்கூடையை அணைத்தபடி சுருண்டு படுத்திருந்த ஒரு ஆச்சி. தூங்குகிறார் என்றுதான் நினைத்திருந்தோம். கண்ணைக்கூடத் திறக்கவில்லை. தம்பி அவரையே பார்த்தான்.

"பிறந்த வருஷம் 1928."

"ஆமா, அப்பம் எனக்கு மூத்தவரு."

பக்கத்தில் நின்றவர் சிரித்துவிட்டார். தம்பிக்குக் குரல் கொஞ்சம் ஏறியது.

"வாலிப வயசிலே கலைவாணர் கண்ணிலே பட்டாரு."

"ஆமா, அவரு கண்ணுல பட்டா விடுவாரா?"

"மெட்ராசுக்கு ரயிலேறிப் போனாரு."

"ஆமா, உக்கார எடம் கெடச்சுதா?"

அந்த நெரிசலில், ஒரு காலை ஊன்றி ஒரு காலைத் தூக்கி நின்றுகொண்டிருந்த அத்தனை பேரும் வெடித்துச் சிரித்தார்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் ஆச்சி. மேல் பலகையில் சாமான்களுக்கு நடுவே படுத்திருந்தவர் ஒரு பிளாஸ்டிக் குடத்தைக் கீழே நீட்டினார். அதைக் கவிழ்த்துப் போட்டு ஒருவர் தாளம் தட்டினார். விருத்தாசலம் வருவதற்குள் அந்தப் பெட்டியே ஒரு கொடைவிழாப் பந்தலாகிவிட்டது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனுக்கு ஐயா எழுதிய நகைச்சுவையைத் தம்பி சொன்னான், நாகேஷுக்கு எழுதியதைச் சொன்னான். சுடலைமாடன் கதைக்கும் முத்துப்பட்டன் கதைக்கும் கோயில் வாசலில் ஒலித்த வில்லை, பட்டணத்துச் சபாவுக்கும் வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் கொண்டுபோய் வைத்த கதையைச் சொன்னான். ஒவ்வோர் அடிக்கும் ஆச்சியிடமிருந்து ஒரு 'ஆமா' வந்தது. சிலது வெறும் ஆமா. சிலதில் ஒரு கேள்வி, ஒரு குத்தல். 2021-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள் என்றபோது, "ஆமா, தொண்ணூறு வயசுக்கு மேலயா தேடிக் கண்டுபிடிச்சாவ?" என்றார். அதற்குச் சிரிப்பு மட்டுமல்ல, கைதட்டலும் கிடைத்தது.

எனக்கு அன்று ராத்திரிதான் ஐயாவின் நகைச்சுவை எதில் இருந்தது என்று முழுதாகப் பிடிபட்டது. அவர் தனியாக நின்று சிரிக்க வைத்தவர் இல்லை. கூட உட்கார்ந்தவரைக் கேட்க வைத்து, குறுக்கே பேச வைத்து, ஒன்றும் தெரியாதவர்போல அவருக்குப் பதில் சொல்லி, அந்த உரசலில் சிரிப்பை எழுப்பியவர். புராணமானாலும் சரி, காந்தியின் கதையானாலும் சரி, கேட்கிற பாமரனின் சந்தேகத்தையும் மேடையேற்றிவிடுவார். எழுதும்போதே அந்த இன்னொரு குரலுக்கு இடம்விட்டு எழுதியிருக்கிறார். அந்த இடத்தில் எங்கிருந்தோ ஒரு ஆச்சி வந்து உட்கார முடிகிறது என்றால், அவர் எழுத்துக்கு அதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன?

மதுரை தாண்டிய பிறகு கதை 2022-க்கு வந்தது. "தொண்ணூத்தி நாலு வயசுல" என்று தொடங்கிய தம்பியால் அதற்கு மேல் பாட முடியவில்லை. உடுக்கையைக் கீழே வைத்துவிட்டுத் தேம்பினான். எங்களுக்கும் அடக்கி வைத்திருந்ததெல்லாம் உடைந்தது. முன்பின் தெரியாத ஒரு கொத்தனார், ஐயாவின் பாட்டை வானொலியில் மட்டுமே கேட்டவர், தம்பியின் முதுகைத் தடவிக்கொண்டே அழுதார்.

கொஞ்ச நேரம் விட்டுவிட்டு ஆச்சி சொன்னார்: "ஏம்யா நிறுத்திட்டிய? வாழி பாடாம வில்ல அவுக்கக் கூடாதுல்லா. எங்க ஊர்க் கொடையில விடிஞ்சாலும் வாழி பாடிட்டுத்தான் எந்திப்பாவ. பாடுங்கய்யா."

தம்பியால் முடியவில்லை. ஆச்சியே தொடங்கினார். அவர் ஊரில் பாடுகிற வாழிதான். நாடு வாழி, நகரம் வாழி, மாரி வாழி என்று போய், பாடினவர் வாழி, கேட்டவர் வாழி என்று முடித்தார். நாங்கள் பின்பாட்டுப் பாடினோம். முடித்ததும் வயர்கூடையிலிருந்து ஒரு முறுக்குப் பொட்டலத்தை எடுத்துத் தம்பி கையில் வைத்து, "தின்னுட்டுத் தூங்கு. தொண்டைய வச்சுப் பிழைக்கிறவன் அழுது கெடுத்துக்கக் கூடாது" என்றார். கோவில்பட்டியில் இறங்கிப் போய்விட்டார். பெயர் கேட்கவேண்டும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஆச்சி, உங்கள் பேரப்பிள்ளைகள் யாராவது இதைப் படித்துக் காட்டினால், ஒரு வார்த்தை: அன்று நீங்கள் வாய் திறக்காவிட்டால் அந்தத் தம்பி இனி உடுக்கையைத் தொட்டிருக்கவே மாட்டான். அவனே சொன்னான். அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு கொடைக்குப் பாடப் போனான், நாங்கள் எல்லோரும் போய்க் கேட்டோம். எந்த ஊர்ப் பந்தலில் அவன் பாடினாலும் முன்வரிசையில் உங்களுக்கு ஒரு பாய் உண்டு.

மற்றவர்களை மறந்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். கையில் காசில்லாத நேரத்தில் பயணச் செலவுக்குக் கொடுத்தவர்கள், எழும்பூரில் எங்களை ஏற்றிப் போய்ப் பாதிக் கட்டணம் மட்டும் வாங்கிய ஆட்டோ அண்ணன், மழையில் நனைந்து நின்றவர்களைத் தன் கடைக்குள் உட்காரவைத்து டீ கொடுத்தவர், கடைவாசலில் நாள் முழுக்க ஐயாவின் குரலை ஒலிக்கவிட்ட பாளையங்கோட்டை ஒலிபெருக்கிக்காரர், பள்ளி இறைவணக்கத்தில் ஐயாவைப் பற்றிப் பேசிய ஆசிரியர்கள், அந்த ரயில்பெட்டியில் தூக்கத்தை விட்டுக்கொடுத்த ஒவ்வொருவர், குடத்தைக் கொடுத்த புண்ணியவான். உங்கள் எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. ஐயாவின் அருகிலேயே அமர்ந்து பாடிவந்த அவர் மகள் பாரதி திருமகன் அம்மாவுக்கும் பேரன் கலைமகனுக்கும் நாங்கள் ஆறுதல் சொல்லும் தகுதியில் இல்லை. அவர்கள் தொடர்ந்து பாடுகிறார்கள் என்பதுதான் எங்களுக்கு ஆறுதல்.

ஒன்று மட்டும் மனதை அறுக்கிறது. 2018-இல் கன்னியாகுமரி மாவட்டம் கொட்டாரத்து வில்லிசைக் கலைஞர் பூங்கனி அம்மாள் மறைந்தபோது நாம் இப்படித் திரளவில்லை. எத்தனையோ கொடைகளில் வில்லடித்த அந்தக் கைக்குக் கடைசிக் காலத்தில் வறுமைதான் மிஞ்சியது. ஐயாவுக்குக் கிடைத்த விருதும் மேடையும் எல்லா வில்லிசைக் கலைஞருக்கும் கிடைத்துவிடவில்லை. தென்மாவட்டத்தில் இன்றும் உடல் தளர்ந்து, பாட முடியாமல் வீட்டில் இருக்கும் புலவர்களும் குடக்காரர்களும் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே போய்ப் பார்ப்பது, அவர்கள் வாயில் இருக்கும் கதைகளைப் பதிவு செய்வது, முடிந்த உதவியைக் கையில் கொடுப்பது என்று ரயிலைவிட்டு இறங்கிய அன்றே முடிவெடுத்தோம். ஐயா பேரால் இதைச் செய்வோம்.

கூடவே, ஞாயிறு காலைகளில் பிள்ளைகளுக்கு வில்லுப்பாட்டுச் சொல்லிக்கொடுக்கப் போகிறோம். கட்டணம் கிடையாது. குடமடிக்கக் கற்றுத்தர ஒரு பெரியவர் ஒத்துக்கொண்டார். உடுக்கைக்குத் தம்பி இருக்கிறான். யார் வீட்டிலாவது மணி கட்டிய பழைய வில்லோ, அதை அடிக்கும் வீசுகோலோ சும்மா கிடந்தால் கொடுத்து உதவுங்கள், பத்திரமாக வைத்துக்கொள்வோம். புலவராகப் பாட நிறையப் பிள்ளைகள் பெயர் கொடுத்துவிட்டார்கள். பின்பாட்டுக்குத்தான் ஆள் குறைவு. பெண்பிள்ளைகளையும் அனுப்புங்கள், வயசானவர்களும் வாருங்கள்.

நன்றியுடன்,
பாளையங்கோட்டை ரசிகர்கள் சார்பில்