இடது பக்கம்

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. அம்மா அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். விமானத்தின் இறக்கைக்குக் கீழே நீ நிற்கிறாய். பக்கத்தில் பத்து வயதுப் பையன், தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டு பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான். இவன் நான் விமானத்தில் ஏற்றிப்போன 42-வது பிள்ளை என்று எழுதியிருந்தாய். அம்மா போனை எடுத்துக்கொண்டு வளவு முழுக்கக் காட்டிவிட்டு வந்தாள். "காசு வாங்காமலா ஏத்திட்டுப் போறான்?" என்று கீழ வீட்டில் கேட்டார்களாம். ஒரு பைசா வாங்கமாட்டான் என்று நான் வாசலில் நின்று சத்தமாகவே சொன்னேன்.

நீ சொன்னது எல்லாம் எனக்கு நினைவு இருக்கிறது. பிள்ளைகளை இலவசமாக விமானத்தில் ஏற்றிப்போகும் இந்த 'யங் ஈகிள்ஸ்' திட்டம் 1992-இல் அமெரிக்காவில் ஆஷ்காஷ் என்ற ஊரில் தொடங்கியது. 8 வயதிலிருந்து 17 வரை உள்ள பிள்ளைகள். பெற்றவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், சொந்தமாக விமானம் ஓட்டுகிறவர்கள் தங்கள் கைக்காசில் பெட்ரோல் போட்டு ஒரு சுற்றுக் கூட்டிப்போய் வருவார்கள். 20 லட்சம் பிள்ளைகளுக்கு மேல் இப்படிப் பறந்துவிட்டார்கள். எங்கள் குழுவில் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் வேலையை முடித்து ஓய்வில் இருக்கும் தாத்தாக்கள், நான்தான் சின்னவன் என்று நீ சொன்னபோது எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா? கயத்தாறில் வெள்ளைக்காரன் காலத்து ஓடுதளத்தைக் காட்டுவதற்கு உன்னை டியூட்டி இல்லாத ஒரு நாளில் கூட்டிப்போனேனே, அதைத்தான் நினைத்தேன். உனக்கு அப்போது ஒன்பது வயது. விமானம் ஒன்றும் இல்லை, ஆடுதான் மேய்ந்துகொண்டிருந்தது. அப்படியும் நீ அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை கையை விரித்துக்கொண்டு ஓடினாய்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. கூந்தன்குளத்தில் தண்ணீர் வற்றிக்கொண்டு வருகிறது, வரித்தலை வாத்தெல்லாம் எப்போதோ போய்விட்டன. நுங்கு வந்திருக்கிறது. அக்கா நன்றாக இருக்கிறாள்.

நீ விமானத்தை எடுப்பதற்கு முன்னால் எல்லாம் பார்க்கிறாய்தானே? டேங்குக்கு அடியில் பெட்ரோலைக் கொஞ்சம் குழாயில் பிடித்து, நீலமாக இருக்கிறதா, அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று பார்ப்பேன் என்றாய். ஆயில் பார். டயர் பார். அவசரப்படாதே. பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள், நேரமாகிறது என்று ஒன்றையும் தாண்டிப் போகாதே. நான் டிப்போவில் வண்டி எடுக்கும்போது யார் கூப்பிட்டாலும் ஒரு சுற்றுச் சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் ஏறுவேன். ஆயில் பார்.

போன மாதம் போனில் "கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தாம்பா இருக்கு, போன வருஷம்தான் டாக்டர் பார்த்து சர்ட்டிபிகேட் குடுத்திருக்காரு" என்றாய். அதற்குப் பிறகு மூன்று ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிடவில்லை. மருமகள்தான் பேசினாள். கிழவன் சும்மா பயப்படுகிறான் என்று நினைத்திருப்பாய். பிள்ளை ஆசையாகச் செய்கிற காரியத்தில் அப்பா மண்ணைப் போடுகிறார் என்றும் நினைத்திருப்பாய். அப்படி நினைத்துக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் இருப்பது சரியில்லை. நான் உன்னை எதற்காவது தடுத்திருக்கிறேனா? ஐம்பது வயதுக்காரனிடம் இதைக் கேட்க எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

டிசம்பரில் நீ வந்தபோது தார்சாவிலிருந்து அடுக்களைக்குப் போகும் கதவு நிலையில் இடது தோளை இரண்டு தடவை இடித்துக்கொண்டாய். அக்கா பேத்தி இடது பக்கம் நின்று காபி டம்ளரை நீட்டிக்கொண்டே இருந்தாள், நீ கவனிக்கவில்லை. அவள் தொட்ட பிறகு முழுத் தலையையும் திருப்பி வாங்கினாய். வாகைக்குளத்துக்குப் போகும்போது நீதான் காரை ஓட்டினாய். ஏர்போர்ட் வாசலில் இடது பக்கக் கண்ணாடி தூணில் உரசியது. ரோடு தெரியாத ஊர் என்று எல்லாரும் சொன்னார்கள். நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். எனக்கு வயிறு கலங்கிவிட்டது. ஏனென்றால் நானும் அப்படித்தான் தலையைத் திருப்புவேன்.

ஏலே, இதுவரைக்கும் உங்களில் யாரிடமும் சொல்லாத ஒன்றை எழுதப்போகிறேன்.

நான் வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டு டிப்போ வேலைக்கு மாறினது இடுப்பு வலியால் இல்லை. உங்கம்மா எத்தனை வருஷம் தைலம் தேய்த்தாள். அவளிடமும் சொல்லவில்லை. நீ கடைசி வருஷம் படித்த சமயம், 1996. அதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே இடது பக்கம் எனக்குச் சரியில்லை என்று தெரியும். புளியமரக் கிளை பஸ் மேல் உரசிய பிறகுதான் அங்கே மரம் இருப்பதே தெரியும். ரோட்டோரம் நின்று கை காட்டுகிறவர்களைத் தாண்டிப் போய்விடுவேன், கண்டக்டர் விசில் அடித்து நிறுத்துவார். வருஷா வருஷம் நடக்கும் பரிசோதனையில் எழுத்தை எல்லாம் கடைசி வரிவரை வாசித்தேன். டாக்டர், "வேற ஏதாவது தொந்தரவு உண்டா?" என்று கேட்டார். இல்லை என்றேன். உன் பீஸ் கட்ட வேண்டிய மாதம் அது. இதை உன்மேல் போடுவதற்குச் சொல்லவில்லை, அப்படி எடுத்துக்கொள்ளாதே. பொய் சொன்னது நான்.

மூலைக்கரைப்பட்டி ரூட்டில் அந்தச் சைக்கிள் பையன் விஷயம் உனக்குத் தெரியும். பையன் சந்திலிருந்து சடாரென்று குறுக்கே வந்தான் என்றுதான் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரிப்போர்ட்டிலும் அப்படித்தான் இருக்கிறது. அவன் சடாரென்று வரவில்லை. பள்ளிக்கூடம் விட்டு, இடது ஓரமாகப் பைய மிதித்துக்கொண்டு போயிருக்கிறான். நான் பார்க்கவே இல்லை. சத்தம் கேட்டுத்தான் பிரேக் போட்டேன். இரண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது, அவன் அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம்புள்ள மேலதான் தப்பு, மன்னிச்சிருங்க" என்றார். நான் பேசாமல் நின்றேன். அவனுக்கு இப்போது நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பஜாரில் கடை வைத்திருக்கிறான். வலது காலை இழுத்துத்தான் நடக்கிறான். என்னைப் பார்த்தால் வணக்கம் சொல்வான்.

அதற்குப் பிறகுதான் யாருக்கும் தெரியாமல் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கிளாக்கோமா என்றார்கள். கண்ணுக்குள் பிரஷர் கூடி நரம்பைப் பைய அரிக்கும். வலிக்காது, நடுப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும், எழுத்து வாசிக்கலாம். ஓரத்தில்தான் முதலில் போகும். போன இடம் கறுப்பாகவும் தெரியாது, மூளையே அங்கே எதையாவது வைத்து நிரப்பிவிடும். போனது போனதுதான், மருந்து மிச்சத்தைக் காப்பாற்றும், அவ்வளவுதான். கண் எரிச்சல் என்று சொல்லித் தினம் ராத்திரி விடுகிறேனே, அந்தச் சொட்டு மருந்து இதற்குத்தான். அந்த டாக்டர் அன்றைக்கே கேட்டார், "பிள்ளைங்க இருக்காங்களா? இது ரத்த சொந்தத்துக்கு வரும். நாற்பது தாண்டினதும் கண்டிப்பாப் பார்க்கச் சொல்லுங்க" என்று.

நான் சொல்லவில்லை. நோயைச் சொன்னால் எப்போதிருந்து என்று கேட்பீர்கள். கேட்டால் அந்தப் பையன் விஷயம் வெளியே வரும். உனக்கு நாற்பது வயதானபோது நீ லைசென்ஸ் வாங்கி முதல் போட்டோ அனுப்பியிருந்தாய். அப்போதும் சொல்லவில்லை. அக்காவை மட்டும் போன வாரம் கேம்ப் என்று பொய் சொல்லி அனுப்பினேன். அவளுக்கு ஒன்றும் இல்லை.

நீதான் ஒரு தடவை எனக்கு விளக்கிச் சொன்னாய், சின்ன விமானத்தில் ஓட்டுகிறவர் இடது சீட்டில், பிள்ளை வலது சீட்டில் என்று. மேலே மற்ற விமானத்தைக் கண்ணால் பார்த்துத்தான் ஒதுங்க வேண்டும், பிள்ளைகளை ஏற்றுகிற நாளில் ஐந்தாறு விமானம் ஒரே இடத்தில் சுற்றும், இறங்க வரும்போது பெரும்பாலும் இடது பக்கமாகவே திரும்பித் திரும்பி வருவோம் என்றும் சொன்னாய். எனக்காவது கண்டக்டர் இருந்தார். உன் இடது பக்கத்தைப் பார்க்க உன்னைத் தவிர அங்கே ஆள் கிடையாது. வலது சீட்டில் இருப்பவன் பத்து வயதுப் பையன்.

அந்த சர்ட்டிபிகேட்டைக் காட்டாதே. நானும் பாஸ் ஆனவன்தான். கண் டாக்டரிடமே போ. எழுத்து வாசிக்கிற பரிசோதனை போதாது. கிண்ணம் மாதிரி ஒரு மெஷினுக்குள் முகத்தை வைத்து, நேரே ஒரு புள்ளியைப் பார்த்துக்கொண்டு, ஓரத்தில் விளக்கு மின்னும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அதைச் செய். பிரஷரும் நரம்பும் பார்க்கச் சொல். அப்பாவுக்கு இருக்கிறது என்று முதலிலேயே சொல். ஒன்றும் இல்லை என்று வந்தால் என் மனசு ஆறும். நோய் இருந்தாலும் மருந்து போட்டுக் கட்டுக்குள் வைத்திருந்தால் உங்கள் ஊரில் மறுபடி ஓட்ட விடுவதும் உண்டாம், அக்கா மகன் பார்த்துச் சொன்னான். அவனிடம் நண்பருக்காகக் கேட்கிறேன் என்றேன். இதோடு பொய் சொல்வதை நிறுத்திவிடுகிறேன். உங்கம்மாவிடம் இன்றைக்கு ராத்திரி சொல்கிறேன். பஜாருக்கும் ஒரு நாள் போகவேண்டும். அவனிடம் என்ன சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.

என் பழைய ரிப்போர்ட் எல்லாம் பச்சை டிரங்குப் பெட்டியில், உன் மார்க் ஷீட்டுக்கு அடியில் இருக்கிறது. இந்தக் கடிதத்தையும் அதையும் அக்கா மகன் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்புவான். கோடு கோணலாகத்தான் போயிருக்கும், கூட்டிப் படித்துக்கொள்.

வருகிற சனிக்கிழமை ஒன்பது பிள்ளைகள் பேர் கொடுத்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். இன்றைக்குச் செவ்வாய்.

இப்படிக்கு
அப்பா