ஆயுள் லைசென்ஸ் என்று விற்றுவிட்டு இப்போது ஏ.எம்.சி. கேட்பது ஏன்?

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

வரும் ஏப்ரல் முதல் எங்கள் பில்லிங் மென்பொருளுக்கு வருடாந்தர ஏ.எம்.சி., அதாவது பராமரிப்புக் கட்டணம், உண்டு என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தோம். அன்று மாலையே ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் போன் போட்டார். "ஏனுங்க தம்பி, ஒருக்கா கட்டுனா ஆயுசுக்கும் போதும்னு சொல்லித்தானுங்களே வித்தீங்க?" என்றார். சொன்னோம்தான், மறுக்கவில்லை. அந்தக் கணக்கு எங்கே தப்பியது என்று சொல்லவே இந்த மடல்.

நாங்கள் தொழில் தொடங்கியது வாட் வரி இருந்த காலத்தில். மென்பொருளை ஒருமுறை போட்டுக் கொடுத்தால் எப்போதாவது பிரிண்டர் தகராறு என்று கூப்பிடுவீர்கள், அவ்வளவுதான். 2017 ஜூலை 1 அன்று ஜிஎஸ்டி வந்தது. இ-இன்வாய்ஸ், அதாவது பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்வது, 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்கு என்று தொடங்கி, படிப்படியாக இறங்கி, 2023 ஆகஸ்டில் 5 கோடியைத் தொட்டது. அதில் உங்களில் பலர் வந்துவிட்டீர்கள்.

2025 செப்டம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சில் முடிவு, 22ஆம் தேதி அமல். ஆயத்த ஆடைக்கு 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது, 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆனது. விகிதத்தை மட்டும் மாற்றுவது அரை நாள் வேலை. ஆனால் 1,200 ரூபாய் சுடிதாரை 12 சதவீதத்தில் வாங்கிப்போனவர் 25ஆம் தேதி திருப்பிக் கொண்டுவந்தால், கிரெடிட் நோட் (திரும்பி வந்த சரக்குக்குப் போடும் வரவுச் சீட்டு) பழைய 12 சதவீதத்திலேயே போக வேண்டும். அதே சுடிதாரை அடுத்தவருக்கு விற்றால் 5. தீபாவளிக் கூட்டத்துக்கு நடுவில் இது தப்பாமல் இருக்க எங்கள் பையன்கள் இரண்டு வாரம் வீட்டுக்கு ஒழுங்காகப் போகவில்லை.

அந்த வேலைக்கு நீங்கள் யாரும் பணம் தரவில்லை, நாங்களும் கேட்கவில்லை. புதிதாக வாங்கியவரின் லைசென்ஸ் பணத்தில்தான் பழையவருக்கு வேலை பார்த்தோம். ஒரு சீட்டை எடுத்து இன்னொரு சீட்டைக் கட்டுகிற கதை. புது ஆள் வரத்து குறைந்த மாதம் சம்பளம் போட முழி பிதுங்கியது.

இதற்கு வழி ஆண்டுக் கட்டணம்தான். ரெட் ஹாட் என்ற அமெரிக்க நிறுவனம் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தை வைத்துத் தொழில் செய்தது. மூல நிரல் எல்லோருக்கும் திறந்தது. அவர்கள் காசு வாங்கியது ஆண்டுச் சந்தாவுக்கு, அதாவது அப்டேட்டுக்கும் உதவிக்கும். 2019இல் ஐபிஎம் அந்த நிறுவனத்தை 3,400 கோடி டாலருக்கு வாங்கியது. இதைப் படித்துவிட்டுத் துள்ளிக் குதிக்கவும் கூடாது. ஜெர்மனியின் எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 2008இல் பராமரிப்புக் கட்டணத்தை லைசென்ஸ் விலையில் 17 சதவீதத்திலிருந்து படிப்படியாக 22 ஆக்கப் பார்த்தது. வாடிக்கையாளர்கள் கொதித்துப்போனார்கள். 2010 தொடக்கத்தில் பழைய மலிவான திட்டத்தையும் திரும்பக் கொண்டுவர வேண்டியதாயிற்று.

ஆகவே எங்கள் ஏ.எம்.சி. லைசென்ஸ் விலையில் 15 சதவீதம். நீங்கள் வாங்கிய நாளின் விலைக்குத்தான், இன்றைய விலைக்கு அல்ல.

கட்டாவிட்டால் மென்பொருள் நிற்காது. பில் போடலாம், பழைய கணக்கைப் பார்க்கலாம், எக்செல்லில் இறக்கிக்கொள்ளலாம். பூட்டு போட்டால்தான் பணம் வரும் என்று எங்கள் பங்குதாரர் ஒருவர் வாதாடினார். உங்கள் கணக்கு உங்களுடையது, அதைப் பிணையாக வைக்க எங்களுக்கு மனம் வரவில்லை. வரி மாற்ற அப்டேட்டும் போன் உதவியும் மட்டும் கிடைக்காது. நடுவில் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால் பழைய பாக்கி கேட்க மாட்டோம், அந்த ஒரு வருடத்துக்கு முழுத்தொகை கட்டினால் போதும். வரி மாறும் வருடம் மட்டும் கட்டிக்கொள்ளலாம் என்று சிலர் கணக்குப் போடுவீர்கள். தெரிந்தேதான் விட்டிருக்கிறோம்.

கடந்த ஓராண்டுக்குள் வாங்கியவர்களுக்கு முதல் வருடம் கட்டணம் இல்லை. சந்தேகம் இருந்தால் மார்ச் 31க்குள் நேரிலோ போனிலோ கேளுங்கள். மதியம் 2 முதல் 3 வரை மட்டும் போன் எடுக்க ஆள் இருக்காது, சாப்பாட்டு நேரம்.

இப்படிக்கு,
உங்கள் பில்லிங் மென்பொருள் குழுவினர்,
ஈரோடு